திண்டு முடியட்டும்

பெயர்களை எழுதமாட்டேன். ராத்தாவின் பெயரை எழுதினால் முதலாளியின் பெயரையும் எழுத வேண்டி வரும், என் பேனா மை அவ்வளவு மலிவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் இதை வாசித்தால் கொஞ்ச நேரத்திலேயே இரண்டு பேரையும் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கட்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ராத்தா என்றால் கூடப் பிறந்த அக்கா இல்லை. கல்முனைக் கடற்கரையில் எங்கள் ஒழுங்கையில் இருந்தவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கறுத்து மெலிந்த உடம்பு. முக்காட்டுத் தொங்கலைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் கதைப்பார். புருசன்காரன் பொத்துவில் பக்கம் இன்னொரு கலியாணம் செய்துகொண்டு போய்விட்டான். ஒரே ஒரு மகளைத் தன்னைப் பெற்ற உம்மாவிடம் விட்டுவிட்டு, ராத்தா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். அவர் போன வழியில் நானும் போனேன். இரண்டு பேரும் வேலை செய்த வீடுகள் ஒரே தெருவில் இருந்தன. குப்பை போட வெளியே வரும்போது சந்தித்து ஊர்க்கதை கதைப்போம்.

ராத்தாவுக்கு ஒரு குணம். தனக்குச் செய்ததைத் திருப்பிக் கொடுக்காமல் விடவேமாட்டார். ஆனால் எதிராளி சாப்பாட்டில் இருந்தால் அவன் முடித்துக் கை கழுவும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"சாப்பாட்டுல இரிக்கிறவனுக்கு ஸலாமே சொல்லத் தேவல்ல எண்டு ஓதித் தந்திரிக்காங்க. பொறகு எப்பிடிப் புள்ள ஏசுற? திண்டு முடியட்டும். கையக் கழுவட்டும். பொறகு நான் பாத்துக்கிறன்" என்பார்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று ஊரில் சொல்வார்கள். ராத்தாவுக்குக் கஞ்சி ஆறினால்தான் ருசி.

குவைத்தில் ராத்தா வேலை செய்த வீட்டு மூத்த மகன் ஒருநாள், சமையல் குசினி வாசலில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ராத்தாவின் பீங்கானைக் காலால் தள்ளிவிட்டுப் போனான். தெரியாமல் இல்லை, வேண்டுமென்றே. ராத்தா சோற்றைக் கூட்டி அள்ளினார். அவனுக்கு மேசையில் சாப்பாடு வைத்தார். அவன் தின்று, கழுவி, தூங்கப் போனான். அடுத்த நாள் குப்பை வண்டி வந்தபோது ராத்தாவின் கையில் ஒரு கறுப்புப் பை இருந்தது. உள்ளே அவனுடைய சப்பாத்துகளும் செருப்புகளும். எல்லாம் இடது காலுக்குரியவை மட்டும்.

"ஏன் ராத்தா இடது மட்டும்?"

"இடது காலாலதானே தள்ளினான். வலது காலோட எனக்கு என்ன கோவம்?"

இப்படித்தான். பழிவாங்கினாலும் அதில் ஒரு அதபு, ஒரு மரியாதை இருக்கும். எனக்கு அது கிடையாது. எனக்குக் கோபம் வந்தால் கையில் உள்ளதைத் தூக்கி எறிந்துவிடுவேன். அதனால்தான் நான் வாங்கிய பழியெல்லாம் அரைகுறை.

இன்னொன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. எங்கள் கலியாண வீடுகளில் பாய் விரித்து, ஒரு பெரிய தட்டில் சோறு கொட்டி, அதைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்து சாப்பிடுவோம். அந்தத் தட்டைச் சஹன் என்போம். சஹனில் இருக்கிறவருக்குச் சட்டம் உண்டு. தன் பக்கத்துச் சோற்றைத்தான் தின்ன வேண்டும். காலை நீட்டக் கூடாது. தான் முடித்துவிட்டாலும் மற்றவர் முடிக்கும்வரை எழும்பக் கூடாது, சும்மாவேனும் சோற்றைக் கிள்ளிக்கொண்டு இருக்க வேண்டும். முக்கியமாக, சாயக் கூடாது. சாய்ந்துகொண்டு தின்பது பெருமைக்காரன் வேலை.

ஒரு கலியாணத்தில் எங்கள் சஹனில் மச்சி முறையான ஒரு பெரிய வீட்டுப் பெண் இருந்தார். கையை நீட்டி என் பக்கத்துக் கோழித் துண்டை எடுத்துக்கொண்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ராத்தா குனிந்தபடி சாப்பிட்டார். எல்லாரும் கை கழுவி, வெற்றிலைத் தட்டு வந்த பிறகு, பந்தல் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"மச்சி, உங்கட கோழி கிடைச்சிச்சா? பறந்து எங்கட பக்கம் வந்திட்டு எண்டு தேடினீங்களே?"

அந்த மச்சி அதற்குப் பிறகு எந்தக் கலியாணத்திலும் எங்களோடு பாயில் இருக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு குளிரும்.

சரி, விமானத்துக்கு வருகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் ஊருக்குள் வந்தது. குவைத்து வீட்டு டெலிவிசனில் பார்த்தோம், எங்கள் ஊர் என்று முதலில் விளங்கவில்லை. போன் எடுத்தால் லைன் இல்லை. கடைசியில் நற்பிட்டிமுனையில் ஒரு வீட்டுப் போனிலிருந்து ராத்தாவின் தங்கச்சி கதைத்தாள். "உம்மா இரிக்கா. மகளக் காணல்ல. தேடுறம் ராத்தா" என்றாள்.

ராத்தா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். "காணல்ல எண்டுதானே சொன்னா? மௌத்து எண்டு சொல்லல்லியே? காணல்ல எண்டா தேடினாக் கிடைக்கும் புள்ள."

இரண்டு வீட்டு எசமானிகளும் எங்களை ஊருக்குப் போக விட்டார்கள். விமானம் முழுக்க எங்களைப் போன்ற பெண்கள்தான். கிழக்குக் கரை, தெற்குக் கரை, தமிழ், சிங்களம் எல்லாம். ஒருவரும் பெரிதாக அழவில்லை. அழுவதற்கு முதலில் நிச்சயம் தெரிய வேண்டுமே.

ராத்தாவுக்கு முன் கதிரையில் முதலாளி இருந்தார். எங்கள் ஊர் அரிசி ஆலை முதலாளி, வழுக்கைத் தலையும் அத்தர் வாசமுமாக. பக்கத்தில் அவருடைய மச்சினன். வியாபாரத்துக்கு வந்து திரும்புகிறார்கள். அவருடைய வீடு பெரிய ரோட்டுக்கு மேற்கே, வயல் பக்கம். தண்ணீர் அங்கே எட்டிப் பார்க்கவும் இல்லை. ஏறும்போதே ஆருக்கோ போனில் உரத்துச் சொன்னார்: "நமக்கு ஒண்டும் இல்ல, அல்ஹம்துலில்லாஹ்." அவரை அவன், இவன் என்று எழுதக் கை துடிக்கிறது. ராத்தாவின் அதபுக்காக மரியாதை போடுகிறேன்.

சாப்பாட்டு வண்டி வந்தது. முதலாளி கதிரையை நன்றாகப் பின்னால் சாய்த்திருந்தார். பணிப்பெண் வந்து, சாப்பாட்டு நேரம், நிமிர்த்துங்கள் என்றாள். நிமிர்த்தினார். எங்களுக்கும் தட்டு வந்தது. ராத்தா தன் தட்டைத் திறக்கவேயில்லை. செய்தி கேட்ட நாளிலிருந்து வெறும் தண்ணீர்தான் அவருக்கு.

"தின்னுங்க ராத்தா. தேடித் திரியிறதுக்கு உடம்புல தெம்பு வேணுமே" என்றேன்.

அது அவருக்கு விளங்கியது. மூடியைத் திறந்தார். சோற்றைத் தொடுவதற்கு முதல், அந்தத் தட்டில் இருந்த சின்னக் கேக்கைக் கிண்ணத்திலிருந்து எடுத்து ஒரு டிசுத் தாளில் வைத்தார். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் அவர் அப்படித்தான் செய்வார். விமானத்துக் கேக் மகளுக்கு. பள்ளிக்கூடம் போகிற அந்தப் பிள்ளை, உம்மா கொண்டுவரும் பெட்டியைவிட முதலில் அந்தக் கேக்கைத்தான் கேட்பாள். காணவில்லை என்று சொன்ன பிள்ளைக்கு அவர் பங்கு எடுத்து வைக்கிறார்.

டிசுவை மடிக்கப் போனார். வண்டி எங்களைத் தாண்டிப் போய்விட்டது. முன்னால் முதலாளி பொத்தானை அமர்த்தி, முதுகால் ஒரு தள்ளுத் தள்ளிச் சாய்ந்தார். கதிரை வந்து தட்டில் இடித்தது. கொதிக்கக் கொதிக்க இருந்த பிளேண்டி, பால் விடாத தேத்தண்ணீர், கேக்கின் மேலும் ராத்தாவின் மடியிலும் கொட்டுண்டது. சோறு கீழே.

"காக்கா, கொஞ்சம் நிமிருங்க. திண்டு முடியும்வரைக்கும்தான்" என்றார் ராத்தா. அண்ணன் முறை வைத்துத்தான் கேட்டார், குரல் உயரவில்லை.

முதலாளி திரும்பிப் பார்க்கவும் இல்லை. "இது என்ட கதிர. சாயத்தான் பொத்தான் வெச்சிரிக்கான்" என்றார். பிறகு மச்சினனிடம், எங்களுக்குக் கேட்கட்டும் என்றே, "கத்தாமாக்களுக்குப் பிளேன்ல ஏறினா ராணி எண்ட நினைப்பு" என்றார். மச்சினன் சிரித்தார்.

கத்தாமா என்பது அரபு வீட்டு வேலைக்காரியைச் சொல்லும் சொல். சொல்லில் ஒன்றுமில்லை, சொல்கிற வாயில் இருக்கிறது எல்லாம். என் பிளேண்டியை அந்த வழுக்கையில் ஊற்றுவதற்கு நான் எழும்பிவிட்டேன். ராத்தா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இரி புள்ள. அந்தாள் தின்னுறார். திண்டு முடியட்டும்."

அந்தாள் தின்று முடித்தார். ஏப்பம் விட்டார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிட்டார். கட்டுநாயக்கா விமான நிலையம் வரும்வரை அந்தக் கதிரை ராத்தாவின் நெஞ்சுக்கு முன்னாலேயே இருந்தது. ராத்தா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. கரைந்துபோன கேக்கை டிசுவோடு பொத்தி, பையில் வைத்துக்கொண்டார். இறங்குகிற நெரிசலில் முதலாளியும் மச்சினனும் முன்னால் போய்விட்டார்கள்.

வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் இருந்தது. ராத்தா அங்கே நின்று பையைத் திறந்து பார்த்தார். டிசுவும் கேக்கும் ஒன்றாகிக் களியாகி இருந்தன. கிணற்றுக் கட்டில் அதை வைத்துவிட்டுத் தேடப் புறப்பட்டார். ஆஸ்பத்திரி, பள்ளிவாசல், பள்ளிக்கூடம், காரைதீவுக் கோயில் மடம், பொத்துவில்வரை. காரைதீவில் ஒரு தமிழ்ப் பெண், அவரும் மகனைத் தேடுகிறவர், ராத்தாவோடு சேர்ந்து கொஞ்ச நாள் நடந்தார். அந்தப் பெண்ணுக்கு மகனின் உடம்பு கிடைத்தது. ராத்தாவுக்கு ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

ஊரில் சொன்னார்கள், காயிப் ஜனாஸாத் தொழுகை வைத்துவிடுவோம், உடம்பு கிடைக்காவிட்டாலும் பிள்ளைக்காகத் தொழலாம் என்று. ராத்தா விடவில்லை. "மௌத்து எண்டு ஆர் கண்ட? காணல்ல. அவ்வளவுதான்."

ஊர் பாதி அழிந்தது. முதலாளி முழு ஆளானார். வயலை நிரப்பி வீடு கட்டிக் கொடுக்கிறார்கள், ஆருக்கு எந்த வீடு என்று பார்க்க ஒரு கமிட்டி, அதற்குத் தலைவர் முதலாளி. ஆலை முகப்பில் ஒரு சாய்மனைக் கதிரை. அதில் அவர் காலை நீட்டிச் சாய்ந்திருப்பார், கடலில் எல்லாவற்றையும் விட்ட பெண்கள் வெயிலில் நிற்பார்கள். அரைக்கண் மூடியபடி, "இன்ஷா அல்லாஹ், பாப்பம்" என்பார். இருந்தாலும் சாய்வு, கதைத்தாலும் சாய்வு. அந்த மனிதர் முதுகெலும்பை நிமிர்த்தி ஒருநாளும் நான் பார்க்கவில்லை.

ராத்தா போவார், நிற்பார். முதலாளியின் பக்கத்தில் எப்போதும் ஏதாவது ஒரு தட்டு இருக்கும். பேரீச்சம்பழம், கடலை, ரோல்ஸ். வாய் அசைந்துகொண்டே இருக்கும்.

"கேளுங்களேன் ராத்தா, பிளேன்ல செஞ்சத" என்று நான் குத்துவேன்.

"எப்ப கேக்கிற? இந்தாள் தின்னுறத நிப்பாட்டினாத்தானே!"

எனக்குச் சிரிப்பும் வரும், பற்றிக்கொண்டும் வரும்.

எனக்குக் கிடைத்த புது வீட்டுக்குப் பக்கத்து வீடு ராத்தாவுக்கு என்றுதான் கதை. ஒருநாள் காலையில் பார்த்தால் அதில் முதலாளியுடைய மச்சினனின் மகள் குடும்பத்தோடு குடி வந்திருக்கிறாள். கடலில் ஒரு கரண்டியைக்கூட விடாதவள். கொழும்பிலிருந்து மாற்றிவிட்டார்கள், என் கையில் ஒன்றுமில்லை என்றார் முதலாளி. ராத்தா நம்பினார். தற்காலிகமாகக் கொடுத்த தகரக் கொட்டிலிலேயே இருந்தார். பிறகு கடற்கரைக் காணியில் கட்டலாம் என்று அரசாங்கம் விட்டபோது, பழைய கிணற்றடியில் ஒரு அறை கட்டிக்கொண்டு உம்மாவோடு போய்விட்டார்.

"அந்தாள இப்பிடியே விட்டுர்றதா?" என்று கேட்டேன்.

ராத்தா முக்காட்டைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "நான் ஏன் போகோணும்? அவர்தான் என்ட வாசலுக்கு வரோணும். வருவார். இவ்வளவு பெரிய முதலாளி ஹஜ்ஜுக்குப் போகாமலா மௌத்தாகப் போறார்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் ஹஜ்ஜுக்குப் போகிறவர் முதலில் வீடு வீடாகப் போக வேண்டும். தெரிந்தோ தெரியாமலோ குறை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். மனிதருக்குச் செய்த குறையை அந்த மனிதர்தான் பொறுக்க வேண்டும், அல்லாஹ்வும் அதில் குறுக்கே வரமாட்டான். ஒருவர் பொறுக்கமாட்டேன் என்றால் அந்த ஹஜ் தொண்டையில் முள்ளாக நிற்கும். ராத்தா வலையைக் கட்டவில்லை, மீன் வரும் வழியில் போய் இருந்துகொண்டார்.

கடல் வந்து ஐந்தாவது வருசம், வைகாசியில், நாட்டில் இத்தனை காலம் நடந்த சண்டை முடிந்தது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள், போகிற வருகிற பஸ்ஸை மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். முதலாளியின் பாற்சோற்றுக் கிடாரம் பெரிய கிடாரம். நடந்ததை எல்லாரும் மறப்போம் என்று அவரே மைக்கில் சொன்னார். ராத்தா தூரத்தில் நின்று கேட்டார்.

"மறக்கச் சொல்றது ஆரு பாத்தியா புள்ள? மறந்தா ஆருக்கு நல்லமோ, அவர்தான்."

ரோட்டுத் தடைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அந்த வருசமே முதலாளி ஹஜ்ஜுக்குப் போவதென்று நிய்யத் வைத்தார்.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் கடற்கரை ஒழுங்கைக்கு வந்தார். நான் வேண்டுமென்றே அன்றைக்கு ராத்தா வீட்டில் இருந்தேன். முதலாளியோடு மௌலவி ஒருவர், மச்சினன், பின்னால் ஒழுங்கை ஆட்கள் ஒரு கூட்டம்.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுக்குப் போறன் புள்ள. தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் குறை செஞ்சிருந்தா பொறுத்து ஹலாலாக்கிரு" என்றார். வாசலைத் தாண்டவில்லை. அடுத்த வீட்டுக்குத் திரும்பிவிட்டது கால்.

"வஅலைக்குமுஸ்ஸலாம். ஹஜ்ஜுக்குப் போறவர் என்ட வாசல்ல வெறும் வாயோட போகப்படா. இருங்க முதலாளி."

பிளாஸ்டிக் கதிரை போட்டார். முன்னால் ஒரு முக்காலி. தொதல் இனிப்புத் துண்டுகளும் பிளேண்டியும் வைத்தார். முதலாளி கதிரையின் முன்கால் தூக்கும் அளவுக்குச் சாய்ந்து இருந்துகொண்டு தின்றார். ராத்தா கதவு நிலையோடு நின்றார். ஒரு சொல் இல்லை. பிளேண்டியை உறிஞ்சி முடித்தார். ராத்தா செம்பில் தண்ணீர் கொடுத்தார். கை கழுவினார்.

"திண்டு முடிஞ்சா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

"அப்ப இனிக் கேளுங்க."

"கேட்டுட்டன்தானே?"

"தெரிஞ்சோ தெரியாமலோ எண்டு பொதுவாக் கேட்டீங்க. எனக்குப் பொதுவாப் பொறுக்கத் தெரியா. என்ன செஞ்சீங்க எண்டு சொல்லிக் கேளுங்க, ஒண்டொண்டாப் பொறுத்துத் தாறன்."

முதலாளி மௌலவியைப் பார்த்தார். மௌலவி தாடியைத் தடவினார். "அவ சொல்றது சரிதான். மனிசர்ட ஹக்கு, அவங்கட உரிம. அவங்கதான் பொறுக்கோணும்" என்றார்.

முதலாளி யோசித்தார். கூட்டம் பார்க்கிறது. ஹஜ் காத்துக்கொண்டு நிற்கிறது. கதிரையின் முன்கால் மெதுவாகத் தரைக்கு வந்தது.

"உன்னப் பத்தி... வெளிநாட்டுக்குப் போய்வந்த பொம்புள எண்டு ஒரு கத கதைச்சன். உன்ட தங்கச்சிக்கு வந்த சம்பந்தம் அதால நிண்டு போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சம்பந்தம் ஏன் நின்றது என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. ராத்தாவின் கண் ஒருமுறை மூடித் திறந்தது.

"பொறுத்திட்டன். ஆனா அது இல்ல."

"அது இல்லியா?" முதலாளிக்கு வியர்த்தது. இப்போது 'நீ' போய் 'நீங்க' வந்துவிட்டது. "அப்ப... அந்த வீடுதானே? உங்களுக்கு வந்த வீடு. கொழும்பால மாத்தல்ல. நான்தான் மச்சினன்ட மகளுக்கு மாத்திக் குடுத்தன். பொறுத்துக்கங்க."

மச்சினன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "யா அல்லாஹ்!" என்றாள் வேலிக்கு அப்பால் ஒருத்தி. எத்தனை மழை அந்தத் தகரக் கொட்டிலுக்குள் ஒழுகியது! ராத்தாவின் பல்லிலிருந்து முக்காட்டுத் தொங்கல் நழுவி விழுந்தது. அவர் அதை எடுத்துச் சரி செய்துகொண்டார்.

"அதையும் பொறுத்திட்டன். அதுவும் இல்ல."

"அல்லாஹ்வே! பொறகு நான் என்னதான் செஞ்சன்?" முதலாளியின் குரல் உடைந்தது. அவருக்கு உண்மையாகவே நினைவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ராத்தா உள்ளே போய் இன்னொரு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்தார். முதலாளிக்கு முதுகு காட்டுமாறு, முக்காலிக்கு முன்னால் வைத்தார். அந்த வெறும் கதிரையின் தலைப்பக்கத்தைக் கையால் பிடித்து மெதுவாகப் பின்னால் சாய்த்தார். அது வந்து முக்காலியில் இடித்தது. பிளேண்டிக் கப் உருண்டு முதலாளியின் மடியில் விழுந்தது. வெறும் கப். ஒரு சொட்டு இல்லை. முடியட்டும் என்றுதானே காத்திருந்தார்.

முதலாளி மடியைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார். முகம் மாறியது.

"பிளேன்லயா?"

"ஓம், பிளேன்ல."

"பிளேண்டி கொட்டுண்டதுக்கா? வீட்டையே பொறுத்திட்டு, ஒரு பிளேண்டிக்கா புள்ள..."

"பிளேண்டி என்ட மடியில கொட்டுண்டது. அத அண்டைக்கே பொறுத்திட்டன். கத்தாமா எண்டீங்க. அதையும் பொறுத்திட்டன். கேக் ஒண்டு இருந்திச்சு."

"ஒரு கேக்குக்கா!" என்றார் மச்சினன், பின்னால் நின்று. ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஓம், ஒரு கேக்குக்கு. மகள் இரிக்கா எண்டு நம்பி எடுத்து வெச்ச கேக். நிமிருங்க காக்கா எண்டு கேட்டன். திண்டு முடியும்வரைக்கும்தான் எண்டு கேட்டன்."

முதலாளி கதிரையை விட்டு எழும்பிவிட்டார். கையைக் கூப்பாத குறை. "பொறுத்துக்கங்க. அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க. வீட்டையும் திருப்பி எடுத்துத் தாறன்."

"வீட்டத்தான் பொறுத்திட்டனே. பொறுத்தத் திருப்பிக் கேக்கிறது அதபு இல்ல." ராத்தா அந்தக் கதிரையை நிமிர்த்தி ஓரமாக வைத்தார். "கேக்க நான் எப்பிடி முதலாளி பொறுக்கிற? அது என்ட இல்லியே. மகளுக்குக் குடுத்தாச்சு. அது அவட ஹக்கு. அவகிட்டத்தான் நீங்க கேக்கோணும்."

"அவ... அவதான் மௌத்தாகி..."

"ஆர் சொன்ன? காணல்ல எண்டுதான் நான் சொல்லியிரிக்கன்."

மௌலவி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ராத்தா அவரைப் பார்த்தார். அவர் முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலை விட்டு இறங்கினார்.

முதலாளி ஹஜ்ஜுக்குப் போனார், வந்தார், ஹாஜியாரும் ஆனார். வந்தவுடன் ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு, கூட்டம் இல்லாமல், தனியாக ராத்தாவிடம் போனார். நான் போய்ச் சேரும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார். சேர்ட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். விமானத்தில் கொடுத்த கேக். உறை பிரிக்கவில்லை. தான் தின்னாமல், நசுங்காமல் அவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறார். மற்றவர்களாக இருந்தால் அந்த இடத்தில் மனம் இளகியிருக்கும். எனக்கே கொஞ்சம் இளகியது, வெட்கமாக இருக்கிறது சொல்ல.

ராத்தா இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினார்.

"வெச்சிட்டுப் போங்க ஹாஜியார். மகள் வந்தாக் குடுக்கிறன்."

அந்தக் கேக் ராத்தாவின் அலுமாரிக்கு மேல் இருந்தது, எறும்பு வந்து உறையோடு கொண்டுபோகும்வரை.

அதற்குப் பிறகு முதலாளி ஆலை முகப்பில் சாய்மனைக் கதிரையில் இருந்ததை ஒருவரும் காணவில்லை. ஒரு மரவாங்கில், முதுகுக்கு ஒன்றும் இல்லாமல், நிமிர்ந்து இருப்பார். ராத்தா அந்த ரோட்டால் கடைக்குப் போகும்போது ஒருநாளும் பார்க்காததுபோல் போனதில்லை. முதலாளி ஏதாவது தின்றுகொண்டிருந்தால், ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பார். தின்று முடித்து அவர் கை கழுவுவார். பிறகு ராத்தா கிட்டப் போய், முக்காட்டை இழுத்துவிட்டு, தானே முந்தி ஸலாம் சொல்வார். முதலாளி பதில் சொல்லிவிட்டு அவருடைய முகத்தையே பார்ப்பார், ஏதோ செய்தி இருக்குமோ என்று.

"மகள் இன்னும் வரல்ல ஹாஜியார்" என்று சொல்லிவிட்டு ராத்தா நடப்பார்.